ஒரே தாள், ஊருக்கெல்லாம்



சர்க்கரை என்று தெரிந்தவுடன் கையில் தரப்படும் உணவுத் தாளை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். காலையில் ஓட்ஸ், பதினொரு மணிக்கு மோர், இரவு இரண்டு சப்பாத்தி, தினமும் அரை மணி நேரம் நடை. பெங்களூரு நீலசந்திராவில் காய்கறி வண்டி தள்ளுகிறவருக்கும் கோரமங்கலாவில் கணினி முன் இரவு வேலை பார்க்கிறவருக்கும் அதே தாள்தான். இந்தக் கருத்தரங்கு அந்தத் தாளோடு சண்டை போடவேண்டும் என்பது என் ஆசை.

2004இல் லான்செட் இதழில் ஒரு படம் வந்தது. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் அருகருகே நிற்கிறார்கள். உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. நம்மவர்களுக்கு எடையோடு இடுப்புச் சுற்றளவையும் (ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80) பார்க்கச் சொல்வது இதனால்தான். 2015இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 800 பேரை ஆராய்ந்தபோது, ஒரே உணவு ஆளுக்கு ஆள் வெவ்வேறு அளவில் சர்க்கரையை ஏற்றியது தெரிந்தது.

உடனே மரபணுப் பரிசோதனை, கையில் ஒட்டும் சென்சார் என்று கடை விரிக்கிறார்கள். வசதியுள்ளவர் வாங்கிக்கொள்ளட்டும். எனக்குப் பெரிதாகப் படுவது சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வு. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேர். உணவும் உழைப்பும் பற்றி ஆலோசனை பெற்ற பிரிவில் நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது; மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு 26.4. இத்தனைக்கும் எடை பெரிதாக இறங்கவில்லை. இதில் என்னைக் கவர்ந்தது ஒரு சின்ன விவரம்: ஏற்கெனவே உடலுழைப்பு உள்ளவர்களிடம் புதிதாக நடக்கச் சொல்லவில்லை, செய்வதையே தொடரச் சொன்னார்கள். நாள் முழுக்க நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவிடம் 'வாக்கிங் போங்க' என்று சொல்லும் நமக்கு அந்தப் புத்தி எப்போது வரும்?

இந்த விவேக் நகரையே எடுத்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை குழந்தை இயேசு ஆலயத்தில் திரளும் கூட்டத்தில் ஒருசந்தி இருப்பவர்களும் உண்டு. சர்க்கரையைக் குறைக்கும் கிளிமெபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் லோ சுகரில் மயங்கி விழ நேரிடும். எந்த வேளை மாத்திரையைக் குறைப்பது என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். வேளாங்கண்ணிக்கு வெறுங்காலோடு நடப்பவருக்குப் பாதம் மரத்திருந்தால் கொப்புளம் வெடித்ததுகூடத் தெரியாது. அவரிடம் நடையின் பலன் பேசுவதற்கு முன் காலைத் தொட்டுப் பார்க்கவேண்டும். சிறுநீரகம் பழுதானவருக்கு இளநீரும் வாழைப்பழமும் பொட்டாசியத்தை ஏற்றிவிடும். ராகி நல்லதுதான், நைஸாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை வேகமாகவே ஏறும்.

ஆகவே கட்டுரை வாசிப்பவர்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் பரிந்துரையைப் பின்பற்ற ஆகும் செலவையும், பாதியில் விட்டவர்கள் ஏன் விட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாலைக்குள் தமிழிலும் கன்னடத்திலும் ஒரு கேள்வித்தாளுக்கு வரைவு தயாராகட்டும்: என்ன வேலை, எத்தனை மணிக்குச் சாப்பாடு, வீட்டில் யார் சமைக்கிறார்கள், என்னென்ன மாத்திரை, காலில் உணர்ச்சி இருக்கிறதா. உணவுத் தாளை அதற்குப் பிறகு எழுதலாம்.

முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.