மூடப்பட்ட ஒரு சிறு துளை

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகவும் சிறியது. அதன் குறுக்களவு மூன்றரை மில்லிமீட்டர்தான். கைபேசியின் விளிம்பில், இயர்போன் கம்பியைச் செருகுவதற்கென்று இருந்த துளையே அது. இலக்கியமும் வரலாறும் இருக்க, ஒரு துளையைப் பற்றியா சங்க மேடையில் பேசுவது என்று சிலர் எண்ணக்கூடும். ஊர்ப் பொதுக் கிணறு ஒன்று தூர்ந்துபோனால், ஊரார் கூடி அதைப் பற்றிப் பேசுவதில்லையா? பலர்க்கும் பொதுவாய் இருந்த ஒன்று மறையும்போது, அதன் அளவைப் பார்த்தல் தகாது. அது இருந்தவரை யார் யார் பயன்பெற்றனர், மறைந்த பின் யார் யார் கைப்பொருளைச் செலவிடுகின்றனர் என்று பார்த்தலே தகும்.

முதலில் அத்துளையின் பிறப்பைச் சிறிது காண்போம். 1878-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில், வணிக முறையில் இயங்கும் முதல் தொலைபேசி இணைப்பகம் திறக்கப்பட்டது. அதன் பின் பெருகிய இணைப்பகங்களில், பெரிய பலகைகளின் முன் பெண்கள் வரிசையாக அமர்ந்து, ஒருவர் பேச்சை மற்றொருவர்க்கு இணைத்து வந்தனர். கம்பியின் நுனியில் இருந்த செருகியைப் பலகைத் துளையில் செருகியதும் பேச்சு பாய்ந்தது. அச்செருகியின் தடிப்பு கால் அங்குலம். இன்றைக்கும் மின்கிதாரிலும் மேடை ஒலிபெருக்கிகளிலும் அதே அளவுச் செருகியைக் காணலாம். டிரான்சிஸ்டர் வானொலிகள் வந்தபோது அதனினும் சிறியது வேண்டியிருந்தது. மூன்றரை மில்லிமீட்டர் செருகி புழக்கத்துக்கு வந்தது. 1979-இல் சோனி நிறுவனம் வாக்மன் என்னும் கையடக்க ஒலிநாடாக் கருவியை வெளியிட்ட பின், அச்சிறு செருகி உலகின் மூலைமுடுக்கெல்லாம் பரவியது.

அதன் அமைப்போ மிக எளியது. நுனிப்பகுதி இடச்செவிக்கு, நடுவளையம் வலச்செவிக்கு, அடிப்பகுதி இரண்டிற்கும் பொது. பேசுவதற்கு ஒலிவாங்கியும் வேண்டுமாயின், மேலும் ஒரு வளையம். இவ்வளவே. அதற்கு மின்கலம் வேண்டா, மின்னேற்றம் வேண்டா, எந்த நிறுவனத்தின் இசைவும் வேண்டா. ஜப்பானில் செய்த வானொலியில் இந்தியாவில் செய்த இயர்போனைச் செருகலாம். தந்தையின் இயர்போனை மகள் தன் கணிப்பொறியில் செருகலாம். கைபேசி தோன்றிய தொடக்கக் காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் கருவிக்கென்று தனித்தனி வாய் வைத்திருந்தது. ஒன்றன் இயர்போன் மற்றொன்றில் சேராது. மக்கள் அதனால் பட்ட தொல்லை கொஞ்சமன்று. பின்னர் ஏறக்குறைய எல்லாரும் அந்தப் பொதுத் துளைக்கே வந்து சேர்ந்தனர். 2007-இல் வெளிவந்த முதல் ஐபோனிலும் அத்துளை இருந்தது.

இனி, அது மூடப்பட்ட வரலாறு. 2016 செப்டம்பர் 7-ஆம் நாள், ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 7 என்னும் கருவியை அறிமுகப்படுத்தியது. அதில் இயர்போன் துளை இல்லை. துளையை முதலில் நீக்கியவர் அவர்தாம் என்று சொல்ல இயலாது. ஆப்போ நிறுவனம் 2012-லேயே ஒரு கைபேசியில் அதனை நீக்கியிருந்தது; 2016-இல் மோட்டோ இசட் கருவியும் அதே வழியில் வந்தது. ஆயினும் ஆப்பிள் செய்த பின்னரே அது உலக வழக்கமாயிற்று. அந்நாளில் மேடையேறிய ஃபில் ஷில்லர் என்னும் அதிகாரி, இதற்குக் காரணம் 'துணிவு' என்னும் ஒரே சொல்லே என்றார். அச்சொல்லை உலகம் பல நாள் நகையாடியது. அதே மேடையில், ஏர்பாட்ஸ் என்னும் கம்பியில்லா இயர்பட்ஸும் அறிமுகமாயின. அவற்றின் விலை 159 டாலர். துளையை மூடியவரே அதற்கு மாற்றையும் விற்பனைக்கு வைத்தார் என்பதனை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

நகையாடியவர் நிலை என்ன? அதே ஆண்டு அக்டோபரில், கூகிள் நிறுவனம் தன் பிக்சல் கைபேசிக்குத் துளை உண்டு என்பதைப் பெருமையாக விளம்பரம் செய்தது. அடுத்த ஆண்டே பிக்சல் 2 துளையின்றி வந்தது. சாம்சங் நிறுவனம் 2018-இல் ஆப்பிளைக் கிண்டல் செய்து படம் எடுத்து ஒளிபரப்பியது; 2019 ஆகஸ்டில் வந்த அதன் நோட் 10 கருவியிலும் துளை இல்லை. வணிகத்தில் கிண்டல் ஓராண்டுச் செய்தி. ஆதாயமே நிலைத்த கொள்கை போலும்!

நீக்கியவர்கள் கூறும் காரணங்களையும் நாம் நடுநிலையோடு கேட்க வேண்டும். முதற்காரணம் இடம். கைபேசிக்குள் ஒவ்வொரு மில்லிமீட்டரும் அரியது. துளையின் இடத்தில் வேறு உறுப்புகளை வைக்கலாம் என்றனர். இதில் உண்மை உண்டு. இரண்டாவது, தண்ணீர் புகாமை. துளை குறைந்தால் காப்பு எளிது என்பது மெய்யே. எனினும் 2016-இல் வந்த சாம்சங் எஸ் 7 கைபேசி, இயர்போன் துளையோடு இருந்தும் தண்ணீரைத் தாங்கியது. ஆதலின் அக்காரணம் வலுவுடையதன்று. மூன்றாவது, எதிர்காலம் கம்பியில்லாதது என்பது.

அக்கம்பியில்லா முறையின் நன்மைகளை நான் மறுக்க வரவில்லை. புளூடூத் என்பது 1998-இல் எரிக்சன், ஐ.பி.எம்., இன்டெல், நோக்கியா, தொஷிபா ஆகிய நிறுவனங்கள் கூடி வளர்த்த பொது முறை. சமையலறையில் கையில் மாவோடு நிற்கும் தாய், கம்பி சிக்காமல் ஊரிலிருக்கும் தங்கையோடு பேச முடிகிறது. பூங்காவில் ஓடும் இளைஞனுக்குக் கம்பி தடையில்லை. செவிப்புலன் குன்றிய முதியோர்க்கு அது பெரும் பேறு. 2024 செப்டம்பரில், ஒருவகை ஏர்பாட்ஸில் செவித்துணைக் கருவியாகப் பயன்படும் மென்பொருளுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இசைவளித்தது. இவையெல்லாம் போற்றத்தக்கன.

ஆனால் ஒரு கேள்வி. புதிய வழியைத் திறப்பதற்குப் பழைய வழியை அடைக்க வேண்டுமா? ஐபோன் 7-க்கு முந்தைய கைபேசிகளில் துளையும் இருந்தது, புளூடூத்தும் இருந்தது. விரும்பியவர் விரும்பியதைக் கொண்டனர். 1998-இல் அதே ஆப்பிள் நிறுவனம், ஐமேக் என்னும் கணிப்பொறியில் பழைய ஃபிளாப்பி வட்டுக்கு இடமளிக்கவில்லை. அதனையும் அன்று பலர் குறை கூறினர். துளைக்காக வாதிடுவோரை நோக்கி, இக்கதையைச் சொல்லி வாயடைப்பது வழக்கம். இரண்டும் ஒன்றல்ல. ஃபிளாப்பிக்குப் பின் வந்தவை அதனினும் மிகுதியாகக் கொண்டன, நாளடைவில் விலையும் மலிந்தன, எல்லார்க்கும் எட்டின. இயர்போன் துளைக்கு மாற்றாக வந்ததோ, விலையில் உயர்ந்தது, ஆயுளில் குறைந்தது.

ஆயுள் என்றேன்; அதனைச் சற்று விளக்க வேண்டும். கம்பி இயர்போனுக்குள் இருப்பவை காந்தம், கம்பிச் சுருள், மென்தகடு ஆகிய மூன்றே. கம்பி அறுந்தால் பற்றவைக்கலாம். கம்பியில்லா இயர்பட்ஸிலோ, காதுக்கு ஒன்றாக இரண்டு லித்தியம் மின்கலங்கள், அவற்றை வைக்கும் பெட்டியில் மூன்றாவது ஒன்று. மின்கலம் ஏற ஏற, இறங்க இறங்கத் தேயும் இயல்புடையது. அளவில் மிகச் சிறியதாதலின் அடிக்கடி ஏற்ற வேண்டும். ஆகவே விரைவில் தளரும். சில ஆண்டுகளில், முன்பு ஐந்து மணி நேரம் பாடியது ஒரு மணியில் ஓய்ந்துவிடுகிறது. மின்கலத்தை மாற்றலாமே எனின், பெரும்பாலானவற்றில் கருவியே பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. பழுதுநீக்கும் எளிமைக்கு மதிப்பெண் வழங்கும் ஐஃபிக்ஸிட் என்னும் அமைப்பு, முதல் ஏர்பாட்ஸுக்குப் பத்துக்குச் சுழியம் அளித்தது. கரோல் பாகில் உள்ள கஃபார் சந்தையில், எத்தகைய கைபேசியையும் பிரித்துப் பூட்டும் கைவல்லார் அமர்ந்திருக்கின்றனர். அவர்களிடம் கொண்டு சென்றாலும் இதற்கு வழி அரிது.

அவ்வாறு வீசப்படுபவை எங்கே போகின்றன? ஐக்கிய நாடுகள் சபை சார்பில் வெளிவந்த அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 விழுக்காடே. நம் தலைநகரிலேயே சீலம்பூர்ப் பகுதியில், ஏழை எளியோர் கைகளால் இக்கழிவுகளைப் பிரித்துப் பிழைக்கின்றனர். நாம் செவியிலிருந்து கழற்றி எறியும் சிறு பொருள், அவர் கைக்கும் மூச்சுக்கும் தீங்காய்ப் போய்ச் சேர்கிறது.

இன்னொன்று, பலரும் எண்ணாதது. கைபேசியில் எஃப்.எம். வானொலி கேட்பதற்கு, இயர்போன் கம்பியே அலைவாங்கியாகப் பயன்பட்டது. துளை போனதும், பல கருவிகளில் வானொலியும் உடன் போயிற்று. 2017 செப்டம்பரில் போர்ட்டோ ரிக்கோ தீவை மரியா என்னும் பெரும்புயல் தாக்கியது. கைபேசிக் கோபுரங்கள் வீழ்ந்தன. அம்மாதம் 28-ஆம் நாள், அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்தின் தலைவராயிருந்த அஜித் பாய், ஐபோன்களில் வானொலி வசதியை இயக்குமாறு ஆப்பிளை வேண்டினார். ஐபோன் 7, 8 ஆகியவற்றில் வானொலிச் சில்லும் இல்லை, அதற்குரிய அலைவாங்கியும் இல்லை என்பதே நிறுவனம் தந்த விடை. நம் நாட்டிலும் 2023-இல், கைபேசிகளில் எஃப்.எம். வானொலி இயங்கும் நிலையில் இருக்க வேண்டும் என்று மின்னணுத் துறை அமைச்சகம் நிறுவனங்களுக்கு அறிவுரை வழங்கியது. பேரிடர்க் காலத்தில் செய்தி சேர வேண்டும் என்பதே அதன் நோக்கங்களுள் ஒன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் கைபேசிகள் ஊமையாகி, உற்றார் நிலை அறியாமல் இங்கிருந்து நாம் தவித்த நாட்களை நினைத்துப் பாருங்கள். அலைவாங்கியாய் நிற்கும் ஒரு முழக் கம்பியின் அருமை அப்போதுதான் விளங்கும்.

அன்பர்களே! நான் கூற வந்த கருத்து இதுவே. துளை என்பது வெறும் துளையன்று. அஃது ஓர் உரிமை. எவர் செய்த பொருளையும் எவர் கருவியோடும் சேர்த்துக்கொள்ளும் உரிமை. நூறு, இருநூறு ரூபாய்க்கு நடைபாதையில் வாங்கியும் வேலையை முடித்துக்கொள்ளும் உரிமை. 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டு, வீட்டுக்குள்ளே வகுப்பு நடந்தபோது, ஒரே அறையில் இரண்டு மூன்று பிள்ளைகள் அமர்ந்து படித்தனர். அக்குடும்பங்கள் பலவற்றைக் காத்தது மலிவான கம்பி இயர்போனே. புளூடூத்தும் பொதுமுறைதான், மறுப்பார் இல்லை. ஆயினும் ஒரே நிறுவனத்தின் கைபேசியும் இயர்பட்ஸும் சேரும்போது கிட்டும் இணக்கம், வேறு வேறாய்ச் சேரும்போது பெரும்பாலும் கிட்டுவதில்லை. பொதுவழியில் நடந்தவர்களை மெல்லத் தன் வீட்டு வாயிலுக்கே திருப்பிவிடும் உத்தி இது. துளைக்குப் பதிலாக இணைப்பானை வாங்கிக்கொள்ளலாமே என்பர். ஆப்பிள் முதலில் பெட்டியிலேயே வைத்துத் தந்த அவ்விணைப்பானை, 2018-இல் நிறுத்தித் தனியே விற்றது; 2020-இல் இயர்போனையும் நிறுத்தியது.

சட்டம் நினைத்தால் இதனைத் தடுக்க இயலாதா? இயலும். பிரான்ஸ் நாட்டில், கைபேசியோடு இயர்போனும் தர வேண்டும் என்று 2010-இல் சட்டம் செய்தனர். ஆகவே உலகெங்கும் நின்ற பின்னும், அங்கு மட்டும் ஐபோனோடு இயர்போன் கிடைத்தது. சட்டம் திருத்தப்பட்டதும், 2022 தொடக்கத்தில் அதுவும் நின்றது. ஐரோப்பிய ஒன்றியம் மின்னேற்றும் வாய்க்கு ஒரே அளவை விதித்தது. ஐபோனும் 2023-இல் அதற்கு இணங்கியது. கருவிகளின் மின்கலத்தைப் பயன்படுத்துவோரே மாற்றிக்கொள்ளத்தக்க வகையில் செய்ய வேண்டும் என்னும் விதியும், அங்கே 2027 பிப்ரவரி 18-ஆம் நாளை நடைமுறைக்கு வரும் நாளாகக் கொண்டு இயற்றப்பட்டுள்ளது. பொதுமக்கள் கேட்டால் பொதுமை நிலைக்கும் என்பதற்கு இவை சான்று.

நாம் செய்யத்தக்கன யாவை? கைபேசி வாங்கும்போது, நிழற்படக் கருவியின் திறனைக் கேட்பது போலவே, இயர்போன் துளை உண்டா என்றும் கடைக்காரரிடம் கேளுங்கள். விலை குறைந்த கைபேசிகள் பலவற்றில் அஃது இன்னும் இருக்கிறது. கேட்பார் இல்லையேல் அங்கும் மறையும். இயர்பட்ஸ் வாங்குவோர், மின்கலம் தளர்ந்தால் மாற்றித் தருவார்களா என்று கேட்டு வாங்குங்கள். பழுதானவற்றைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். லித்தியம் நசுங்கினால் தீப்பற்றும். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள், உற்பத்தியாளர்க்கே மறுசுழற்சிப் பொறுப்பை வைத்துள்ளன. நம் சங்கக் கட்டடத்தில் ஒரு பெட்டி வைத்து, காலனி வீடுகளில் கிடக்கும் பழைய கருவிகளைத் திரட்டி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஆண்டுக்கு இருமுறை ஒப்படைக்கலாம். செயற்குழு இதனை ஆராய வேண்டுகிறேன்.

இளைஞர்களுக்கு ஒரு சொல். புதுமையை விரும்புங்கள், அஃது உங்கள் வயதின் இயல்பு. ஆனால் புதுமை ஒன்று கைக்கு வரும்போது, அதனோடு எது கைவிட்டுப் போயிற்று என்றும் எண்ணிப் பாருங்கள். போனது பழுதான பொருளாயின் போகட்டும். பலர்க்கும் பொதுவான வழியாயின், அதனை மீட்டுத் தருமாறு கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.