சிறையிலிருந்து வந்த சாட்சி

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் சாரம்)

தோழர்களே!

போராட்ட காலத்தில் நம் தோழன் ஒருவன் எதிரியின் கையில் சிக்கிக்கொள்கிறான். மறுநாளே "அவன் விலைபோய்விட்டான்" என்று பேச்சுக் கிளம்பிவிடுகிறது. செத்த பிறகும் அந்த அவச்சொல்லைச் சுமந்த ஒரு போர்வீரக் கவிஞரைப் பற்றி இன்று சொல்கிறேன்.

அவர் பெயர் மூசா ஜலீல். ருஷ்யாவில் ஓரன்பர்க் பகுதியில், ஏழைத் தாத்தாரிய விவசாயக் குடும்பத்தில் 1906ல் பிறந்தவர். தாய்மொழியான தாத்தார் மொழியில் கவிதை எழுதியவர், கம்யூனிஸ்டு. 1941ல் ஹிட்லரின் படை சோவியத் மண்ணில் புகுந்ததும் செஞ்சேனையில் சேர்ந்தார். வோல்கோவ் போர்முனையில் ராணுவப் பத்திரிகையின் நிருபராக வேலை செய்தார். 1942 ஜூனில் படுகாயமுற்றுக் கைதியானார்.

பாசிஸ்டுகள் என்ன செய்தார்கள்? தாத்தாரியக் கைதிகளைத் திரட்டி, அவர்களுடைய சொந்த நாட்டின் மீதே ஏவ ஒரு படை அமைத்தார்கள். ஜலீல் அதற்குள் புகுந்தார். எதற்காக? உள்ளேயிருந்தே அதை உடைப்பதற்காக! கலைநிகழ்ச்சி நடத்தும் சாக்கில் முகாம் முகாமாகச் சென்றார். நம்பிக்கையானவர்களைச் சேர்த்து ரகசியக் குழு கட்டினார். துண்டுப் பிரசுரங்கள் பரவின. 1943 பிப்ரவரியில் போர்முனைக்கு அனுப்பப்பட்ட அப்படையின் முதல் பட்டாளம், வீதெப்ஸ்க் அருகே ஆயுதங்களோடு சோவியத் கெரில்லாக்களிடம் போய்ச் சேர்ந்தது.

அந்த ஆகஸ்டில் ரகசியக் குழு கெஸ்டபோவிடம் அகப்பட்டது. பெர்லினில் மோவாபித் சிறையிலே, கையடக்கமான சிறு குறிப்பேடுகளில் ஜலீல் கவிதை எழுதினார். 1944 ஆகஸ்டு 25ல் பிளெட்சென்சே சிறையில், தோழர்கள் பத்துப் பேரோடு அவரைச் சிரச்சேதம் செய்தார்கள். வயது 38.

சொந்த நாட்டிலோ அவர் துரோகி என்று சந்தேகிக்கப்பட்டார். உடனிருந்த பெல்ஜியக் கைதி ஆந்திரே திம்மர்மன்ஸ் ஒரு குறிப்பேட்டைக் காப்பாற்றிச் சேர்ப்பித்தார். சிறைமீண்ட தாத்தாரியர் ஒருவர் இன்னொன்றைக் கொண்டுவந்தார். சாட்சி கைக்கு வந்தும் சந்தேகம் உடனே தீரவில்லை. 1953ல்தான் கவிதைகள் மாஸ்கோவில் அச்சேறின. 1956ல் சோவியத் யூனியனின் வீரர் என்ற பட்டமும், 1957ல் லெனின் பரிசும் அவருக்கு வழங்கப்பட்டன.

தோழர்களே! எதிரி அவர் தலையைத்தான் வெட்ட முடிந்தது. அவர் பெயரில் கறை பூசியது நம் அணி. இதை மறைக்க வேண்டியதில்லை; கற்றுக்கொள்ள வேண்டும். சிக்கிய தோழனைப் பற்றி வதந்தி வந்தால், முதலில் அவன் வீட்டுக்குப் போங்கள். அடுப்பு எரிகிறதா என்று பாருங்கள். நன்றாக விசாரியுங்கள். அப்புறம் தீர்ப்புச் சொல்லுங்கள்.

தோழர் மூசா ஜலீலுக்கு நமது செவ்வணக்கம்!