துண்டுச் சீட்டும் தோட்டத்து ஆட்சியும்

ஆதிக்கம் என்றவுடன் முடியும் செங்கோலும் படையுமே கேட்போர் மனக்கண்முன் தோன்றும். வள்ளுவரும் கொடுங்கோன்மையை அரசனுக்குரிய குற்றமாகக் கொண்டே ஓர் அதிகாரம் வகுத்தார். ஆயினும், அரசனும் படையும் அருகில் இல்லாத இடத்திலே, ஒரு காகிதத் துண்டைக்கொண்டு பல்லாயிரம் மக்களை ஆண்ட வரலாறும் உண்டு. அதனைக் காண விரும்புவோர் இலங்கையின் மத்திய மலைநாட்டிலே, அட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பரந்து கிடக்கும் திம்புள்ளப் பகுதியை நோக்குதல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பிரித்தானியர் இம்மலைகளின் காடுகளை அழித்துக் கோப்பி பயிரிட்டனர். கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்திலேதான் ஆட்கள் மிகுதியாகத் தேவைப்பட்டனர். தமிழகத்திலிருந்து வந்தவர்களிற் பலர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை நாளடைவில் அழித்தது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி மடிந்த மலைகளையெல்லாம் தேயிலை மூடியது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆண்டு முழுவதும் கைகளை வேண்டுவது. ஆகவே, வந்தவர் திரும்பாதிருத்தல் தோட்ட முதலாளிகளுக்கு இன்றியமையாததாயிற்று. திரும்பாமல் நிறுத்துவதற்கு விலங்கு தேவைப்படவில்லை, கடன் போதுமாயிருந்தது.

திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை முதலிய பகுதிகளின் சிற்றூர்களுக்குச் சென்று ஆள் திரட்டியவர் கங்காணி. அவர் பெரும்பாலும் ஊராராகவோ உறவினராகவோ இருப்பார். வழிச்செலவும் முன்பணமும் அவர் கையிலிருந்து வரும். அவை தொழிலாளியின் பெயரிற் கடனாக ஏறும். தொழிலாளி தோட்டம் மாற விரும்பினால், அவன் கடன் இவ்வளவு, அதனைச் செலுத்துவோர் அவனை அழைத்துச் செல்லலாம் என்று தோட்டத்துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். அதுவே ‘துண்டு’. புதிய தோட்டம் பழைய கடனைச் செலுத்தும். செலுத்திய தொகை புதிய கடனாக அவன்மேல் ஏறும். மனிதன் இடம் மாறினான். கடன் அவனை விட்டு நீங்கவில்லை. முறிப்பின்றி வேலையை விட்டு நீங்குவது 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகவும் இருந்தது. தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பும் இக்கொடுமையை எதிர்த்துக் குரலெழுப்பியவர்களுள் சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதன்மையானவர். துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது.

துண்டு ஒழிந்தபோதும் அதனைத் தாங்கி நின்ற படிவரிசை ஒழியவில்லை. பங்களாவிலே பெரியதுரை, அவர்கீழ்ச் சின்னத்துரை, அவர்கீழ்க் கணக்கப்பிள்ளை, பின்னர்ப் பெரிய கங்காணி, சில்லறைக் கங்காணி, அடியிலே லயத்து மக்கள். விடியுமுன் தப்பு முழங்கும். மக்கள் பெரட்டுக் களத்தில் நிரையாக நிற்பர். அன்றைய வேலை அங்கே பங்கிடப்படும். மாலையில் கொழுந்து குறைந்தால், செக்ரோலில் முழுப்பேர் அரைப்பேராகும். ஒரு நாள் உழைப்பு அரை நாளாவதற்கு ஒரு பேனாக்கோடு போதும். வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. காய்ச்சலிற் கிடந்தவனையும் அவர் தட்டி எழுப்பியதற்கு அவருடைய கொடிய உள்ளம் மட்டும் காரணமன்று. அவர் வருவாய் அந்தத் தலையிலே இருந்தது. ஆதிக்கத்தின் சூட்சுமம் இதுவே. ஒவ்வொரு படியில் நிற்பவனுக்கும் கீழே ஒருவனைக் காட்டிச் சிறிது அதிகாரத்தைப் பகிர்ந்து கொடுத்தால், மேலே நிற்பவன் தன் கையை உயர்த்த வேண்டிய தேவை குறையும். எல்லாப் படிகளுக்கும் கீழே நின்றவள் பெண். கொழுந்து பறித்துத் தோட்டத்தை வாழவைத்த அவளுக்கு ஆணுக்கு நிகரான நாட்கூலி 1984இலேதான் கிடைத்தது.

எழுத்து ஆள்வோர் கையிலிருந்த காலத்தில் மக்களிடம் பாட்டு இருந்தது. கங்காணியை நேரில் எதிர்க்க இயலாதவர்கள் மலைச்சரிவிலே பாட்டில் அவரை எள்ளி நகைத்தார்கள். செக்ரோலில் ஏறாத துயரம் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் ஏறியது. இப்பாடல்களைத் தேடித் தொகுத்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1914இல் மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்த அவர், கவிதையிலும் நாவலிலும் தோட்டத்து மாந்தரை அவர்தம் உயரத்திலேயே நிறுத்திக் காட்டினார். தொழிலாளி பிறர் இரங்குதற்குரிய பொருளாக அன்றி, உரிமை கேட்கும் மனிதனாகத் தோன்றுவது அவர் எழுத்தின் சிறப்பு.

மக்களின் குரல் அச்சேறுவதற்கு வழிகோலியவர் கோ. நடேசையர். தஞ்சைப் பகுதியினரான அவர் 1920இல் இலங்கை வந்தார். வெளியார் தோட்டத்துள் நுழைதல் தடுக்கப்பட்டிருந்தமையால், புடைவை வணிகரைப் போல வேடம் பூண்டு லயங்களுக்குச் சென்றார் என்பர். பத்திரிகையும் துண்டுப் பிரசுரமும் வெளியிட்டார். 1931இல் அட்டனிலே தொழிற்சங்கம் அமைத்தார். படிக்கத் தெரியாதோர்க்கு அவர் துணைவியார் மீனாட்சியம்மாள் கருத்துகளைப் பாட்டாக்கிக் கூட்டங்களிற் பாடினார்.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. தலவாக்கலையின் பிரதிநிதியாக வேலுப்பிள்ளையே பாராளுமன்றம் சென்றார். அடுத்த ஆண்டிலே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. தந்தையோ பாட்டனோ இந்நாட்டிற் பிறந்ததற்குச் சான்று காட்டுக என்றது சட்டம். காடழித்தவனிடம் பிறப்புச் சான்றிதழ் கேட்கப்பட்டது. லயத்திற் பிறந்து லயத்தில் மாண்டவர்கள் அதற்கு எங்கே போவார்கள்? குடியுரிமை போயிற்று, 1949ஆம் ஆண்டுச் சட்டத்தால் வாக்குரிமையும் போயிற்று. 1964இல் இரு நாட்டுத் தலைவர்கள் செய்த ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேரின் விதி 1974இல் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஒரே குடும்பத்தினர் சிலர் புகைவண்டி ஏற, சிலர் மேடையில் நின்று அழுதனர். நாடற்றவராக எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. பறித்ததற்கு ஓராண்டு போதுமாயிருந்தது; முழுமையாக மீட்பதற்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

இடையிலே தோட்டங்களும் கைமாறின. 1975இல் பெருந்தோட்டக் கம்பெனிகளின் நிலம் அரசுடைமையாயிற்று. வெள்ளைத்துரை போனால் விடிவு வரும் என்று எண்ணியவர்கள், தாம் உழைத்த நிலமே துண்டாடப்படுவதைக் கண்டனர். நுவரெலியா மாவட்டத்திலே 7000 ஏக்கர் தோட்டக் காணியை வெளியாருக்குப் பகிர்ந்தளிக்கும் முயற்சியை எதிர்த்து அவர்கள் திரண்டனர். 1977 மே 11ஆம் நாள், திம்புள்ளப் பகுதியின் டெவன் தோட்டத்திலே, பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் சிவனு லெட்சுமணன் என்னும் இளந்தொழிலாளி உயிர் நீத்தார். அவர் கேட்டது பிறர் நிலமன்று. மூதாதையர் உரமாகிக் கிடந்த மண்ணில் நிற்கும் உரிமை.

ஆள்வோர் மாறினும் ஆளும் கருவி பெரிதும் மாறவில்லை என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. துண்டுச் சீட்டு, செக்ரோல், குடியுரிமைப் பத்திரம் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு காகிதமே. அக்காகிதத்தை எழுதுபவன் யார், எழுதப்படுபவன் யார் என்பதிலேதான் அதிகாரம் குடியிருக்கின்றது. இன்று மலையக மக்கள் குடிமக்கள்; வாக்காளர்கள்; அவர்தம் பிள்ளைகள் ஆசிரியராகவும் எழுத்தாளராகவும் விளங்குகின்றனர். எனினும், ஐந்து தலைமுறை வாழ்ந்த லயத்துக்கும் அதன் முன்னுள்ள காய்கறிப் பாத்திக்கும் காணி உறுதி இல்லாத குடும்பங்கள் இன்னும் பல உள்ளன. துரத்துவதற்கு ஒரு துண்டு எழுதிய நாடு, நிலைத்து வாழ்வதற்கு ஓர் உறுதி எழுதிக் கொடுக்கும் நாளிலேதான் அந்தப் பழைய கடன் தீர்ந்ததாகும். அக்கடன் தொழிலாளி பட்ட கடனன்று. தொழிலாளிக்குப் பட்ட கடன்.