சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்கவில்லை!

(பட்டிமன்றத் தலைப்பு: கடல் கடந்து சென்ற பட்டதாரி தேங்கி நிற்பது தம் குறையாலா? ஏற்க மறுப்பவர் குறையாலா? ‘ஏற்க மறுப்பவர் குறையாலே’ என்ற அணியில் பேசியது.)



ஒரு சொந்தக் கதையோடு தொடங்குகிறேன். நான் முனைவர் பட்டம் வாங்கின புதுசு. வாங்கினவன் சும்மா இருப்பானா? வீட்டு வாசலில் ‘டாக்டர்’னு போர்டு மாட்டிட்டேன். ஒருநாள் ராத்திரி பத்தரை மணிக்குக் கதவைத் தட்டுறாங்க. திறந்தா, ஒரு அம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கிட்டு, ‘டாக்டர் ஐயா, பிள்ளைக்கு உடம்பு நெருப்பாக் கொதிக்குது’ன்னு நிக்கிறாங்க. ‘அம்மா, நான் இலக்கணத்துக்கு டாக்டர்’னு சொன்னேன். அந்த அம்மா திருப்பிக் கேட்டாங்க: ‘அது உடம்புல எந்தப் பக்கம் ஐயா இருக்கு?’ (சிரிப்பு, கைதட்டல்) மறுநாள் காலையிலேயே போர்டைக் கழற்றிட்டேன்.

இதை எதற்குச் சொல்கிறேன்? எதிரணித் தலைவர் கேட்டார்: ‘வருகிறவர் எந்த டாக்டர் என்று சோதிக்காமல் கையில் ஊசியைக் கொடுக்கலாமா?’ கொடுக்கக் கூடாது ஐயா! என் கையில் கொடுத்திருந்தால் அந்தப் பிள்ளை கதி என்னாகும்? சோதிக்காதே என்று எங்கள் அணி சொல்லவே இல்லை. சோதித்துத் தேறின பிறகும் கதவைத் திறக்க மாட்டேன் என்கிறார்களே, அதைத்தான் கேட்கிறோம். இதுதான் வழக்கு, நடுவர் அவர்களே.

உலகம் முழுக்கச் சுற்ற நேரமில்லை. நம் தமிழர்கள் நிறைய வாழ்கிற கனடாவை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1967-இல் அந்த நாடு குடியேற வருபவர்களுக்கு மதிப்பெண் போடும் முறையைக் கொண்டுவந்தது. படிப்புக்கு இத்தனை மார்க், அனுபவத்துக்கு இத்தனை மார்க், மொழிக்கு இத்தனை மார்க். நல்ல முறைதான். நம்ம பையன் இன்ஜினியர் என்பதற்காகவே மார்க் போட்டு, விசா கொடுத்து, ‘வாங்க’ என்று வரவேற்கிறார்கள். இறங்கி வேலை கேட்டால், ‘இந்தப் பட்டம் இங்கே போதாது’ என்கிறார்கள். அட, மார்க் போட்டது எந்தப் பட்டத்துக்கு ஐயா?

ஏன் இப்படி? அங்கே விசா கொடுப்பது ஒட்டாவாவில் இருக்கிற மத்திய அரசு. தொழில் உரிமம் கொடுப்பது அந்தந்த மாநிலத்தின் தொழில் அமைப்பு. மருத்துவருக்கு ஒன்று, பொறியாளருக்கு ஒன்று, செவிலியருக்கு ஒன்று. சாமி ஒட்டாவாவில், பூசாரி மாநிலத்தில்! சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணுமே! (கைதட்டல்)

டொராண்டோவுக்கு ஒரு தமிழ் விழாவுக்குப் போயிருந்தேன். ஸ்கார்பரோ பகுதியில் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம் என்னை வீட்டில் தங்க வைத்தது. வீட்டுக்காரர் பேராதனையில் படித்த சிவில் இன்ஜினியர். எண்பதுகளின் கடைசியில், போரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர். ராத்திரி சாப்பாடு முடிந்து தட்டை எடுக்கப் போனேன். ‘விடுங்கோ ஐயா, அது என்ர வேலை. இந்த நாட்டில எனக்குத் தந்த முதல் உத்தியோகமே கோப்பை கழுவுறதுதான்’ என்றார். அவர்கள் தமிழில் கோப்பை என்றால் தட்டு. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அடுத்த வார்த்தையில் என் சிரிப்பு நின்றுபோச்சு. ‘நான் கட்டின பாலம் அங்க இப்பவும் நிக்குது ஐயா. நான்தான் இங்க ஒரு கிச்சினுக்குள்ள பதினொரு வருசம் நிண்டனான்.’ (அரங்கில் அமைதி)

என்ன நடந்தது? முதலில் சான்றிதழ் கேட்டார்கள். மதிப்பெண் பட்டியல் பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையிட்ட உறையில் நேராக வரணும் என்றார்கள். போர் நடக்கிற நாட்டுக்குக் கடிதம் போய்ப் பதில் வரணும். அதற்கே காலம் ஓடிப்போச்சு. அடுத்துத் தேர்வு எழுதச் சொன்னார்கள். பகலில் கோப்பை, ராத்திரி புத்தகம். தேறிவிட்டார். அப்புறம் வந்தது கடைசிக் கேள்வி: ‘கனடாவில் வேலை பார்த்த அனுபவம் உண்டா?’

நடுவர் அவர்களே, உரிமம் வேண்டுமென்றால் கனடாவில் பொறியாளர் வேலை பார்த்திருக்க வேண்டும். அந்த வேலை கேட்டுப் போனால் ‘உரிமம் எங்கே? உள்ளூர் அனுபவம் எங்கே?’ என்று கேட்பார்கள். நம்ம ஊரில் என்ன சொல்வார்கள்? பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும்! (பலத்த கைதட்டல்)

எதிரணியில் பேசிய தங்கை ஒரு பழமொழி சொன்னார்: ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.’ அம்மா, கூடம் உண்மையிலேயே கோணலா இல்லையா என்று ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டாமா? நான் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன். கோணல்தான் என்று வீட்டுக்காரரே ஒப்புக்கொண்டுவிட்டார்!

ஒன்டாரியோ மாநிலத்தில் 2006-இல் தொழில் உரிமம் நியாயமாகக் கிடைக்க வேண்டும் என்று தனிச் சட்டம் போட்டு, கண்காணிக்க ஓர் ஆணையரையும் வைத்தார்கள். 2013-இல் அந்த மாநிலத்து மனித உரிமை ஆணையம், ‘கனடா அனுபவம் இருந்தே தீரணும் என்று கேட்பதே பாகுபாடு’ என்று கொள்கை வெளியிட்டது. பொறியாளர்களுக்கு என்ன விதி இருந்தது தெரியுமா? மொத்தம் 48 மாத அனுபவம் வேண்டும். அதில் 12 மாதமாவது கனடாவில், அங்கே உரிமம் பெற்ற ஒரு பொறியாளரின் கீழ் வேலை பார்த்திருக்க வேண்டும். 2021-இல் சட்டம் வந்தது. 2023-இல் அந்த 12 மாத நிபந்தனையை எடுத்தே விட்டார்கள். 48 மாதம் இருந்தால் போதும், எந்த நாட்டு அனுபவமானாலும் சரி.

இப்போது யோசியுங்கள். 2022-இல் தகுதி இல்லாத அதே மனிதர், அதே பட்டம், அதே மூளை. 2023-இல் தகுதி வந்துவிட்டது. ஒரே வருஷத்தில் பட்டம் வளர்ந்துவிட்டதா? இல்லை ஐயா, ஒரு வரியை அடித்தார்கள், அவ்வளவுதான். குறை பட்டத்தில் இருந்திருந்தால், விதியை அடித்ததும் அது எப்படித் தீரும்? (கைதட்டல்)

‘பாதுகாப்புக்காகத்தானே கேட்டார்கள்?’ என்கிறார்கள். பாதுகாப்புக்கும் அந்த நாட்டுக் கதையையே சொல்கிறேன். 1907-இல் கியூபெக் பாலம் கட்டிக்கொண்டிருக்கும்போதே இடிந்து 75 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதை மேற்பார்த்தவர் அனுபவம் இல்லாதவரா? அமெரிக்காவிலேயே பேர் பெற்ற பொறியாளர். பின் ஏன் இடிந்தது? பாலத்தின் நீளத்தைக் கூட்டினார்கள். கூடின நீளத்துக்குப் பாலத்தின் எடையை மறுபடி சரியாகக் கணக்குப் போடவில்லை. ஆக, அனுபவம் எந்த ஊர் அனுபவம் என்று பார்ப்பதில் பாதுகாப்பு இல்லை ஐயா. போட்ட கணக்கு சரியா என்று பார்ப்பதில்தான் பாதுகாப்பு!

மருத்துவருக்கு வருவோம். அங்கே வெளிநாட்டு மருத்துவர் தகுதித் தேர்வு எழுதணும். நோயாளியை வைத்துச் செய்முறைத் தேர்வும் உண்டு. இரண்டிலும் தேறினாலும், மருத்துவமனைப் பயிற்சிக்கு இடம் கிடைத்தால்தான் மேலே போகலாம். வெளிநாட்டில் படித்தவர்க்கு அந்த இடங்கள் கொஞ்சம். இடத்துக்குக் காத்திருக்கும் வருஷங்களில் என்ன ஆகும்? ‘நீங்கள் வைத்தியம் பார்த்தே ரொம்ப நாளாச்சே’ என்று அதையும் ஒரு குறையாகச் சொல்வார்கள். பார்க்க விடாதவர் யாரு? அவரே! பார்க்கலியேன்னு கேட்கிறவர் யாரு? அவரே! (சிரிப்பு)

வேறு வழி இல்லையா? இருக்கிறது. அதே ஒன்டாரியோவில் 2023-இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். வெளிநாட்டில் குடும்ப மருத்துவராகத் தொழில் பார்த்தவரை 12 வாரம் ஒரு மருத்துவரின் கண்காணிப்பில் வேலை பார்க்க விடுகிறார்கள். கையைப் பார்க்கிறார்கள், தேறினால் மருத்துவர் இல்லாத சிற்றூர்களுக்கு மூன்று வருஷம் அனுப்புகிறார்கள். நாங்கள் கேட்பது இதைத்தான். காகிதத்தை மட்டும் பார்க்காதே, கையைப் பார்!

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார். இரண்டே நிமிஷம் ஐயா.

‘நாம் மட்டும் ஏற்கிறோமா? வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு வருகிற நம் பிள்ளைகளுக்கு நாமும் தேர்வு வைக்கிறோமே’ என்றார் எதிரணி நண்பர். உண்மை. 2002-இலிருந்து வைக்கிறோம். ஆனால் தேர்விலே தேறி, பயிற்சிக் காலத்தையும் முடித்தால் பதிவு உண்டு. ‘ஏற்கெனவே இந்தியாவில் வைத்தியம் பார்த்த அனுபவம் உண்டா?’ என்று கேட்பதில்லையே!

அதற்காகப் பிள்ளைகள் தயாராகாமல் போகலாம் என்று சொல்லமாட்டேன். பெற்றோர்களே, ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று மதிப்பதற்கு வாஷிங்டன் உடன்பாடு என்று 1989-இல் ஏற்பட்டது. இந்தியா அதில் முழு உறுப்பினரானது 2014-இல்தான். அப்போதும் கல்லூரிக்கு மொத்தமாகச் சலுகை கிடையாது. பிள்ளை படிக்கிற பாடப்பிரிவுக்கு அந்த உடன்பாட்டுக்கு ஏற்ற தரச்சான்று உண்டா என்று சேர்க்கும்போதே விசாரியுங்கள். அது நம் கடமை. ஆனால் காகிதமே இல்லாமல் ஓடிவந்த அகதி என்ன செய்வான்? அவன் படிப்பையும் மதிப்பிட வழிசெய்ய வேண்டும் என்று 1997-இல் லிஸ்பனில் நாடுகள் ஒப்பந்தம் செய்தன. கனடா அதை உறுதிசெய்தது 2018-இல். என் ஸ்கார்பரோ நண்பர் கோப்பை கழுவ ஆரம்பித்து முப்பது வருஷம் கழித்து!

அவர் கதையை முடிக்கிறேன். அவர் மகள் அங்கேயே படித்து இன்ஜினியர் ஆனாள். அந்த நாட்டில் ஒரு வழக்கம். இன்ஜினியர் ஆகிறவர்கள் உறுதிமொழி எடுத்துக்கொண்டு, வேலை செய்கிற கையின் சுண்டுவிரலில் ஒரு மோதிரம் போட்டுக்கொள்வார்கள். இரும்பு மோதிரம். பவுன் இல்லை, வைரம் இல்லை, ஆனால் பெரிய கௌரவம். 1925-இலிருந்து இருக்கிற வழக்கம். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்த மகள் அந்த மோதிரத்தைக் கழற்றினாளாம். ‘அப்பா, இது முதல்ல உங்களுக்குத்தான் வந்திருக்கோணும்’ என்று அப்பாவின் சுண்டுவிரலில் போட்டுப் பார்த்தாளாம். கொதிதண்ணீரில் கிடந்து கிடந்து வீங்கிப்போன விரல். மோதிரம் பாதி விரலைத் தாண்டவில்லை.

நடுவர் அவர்களே! ஒரு பாலத்தைக் கட்டின விரல் அது. மோதிரம் நுழையவில்லை. குறை விரலிலா? அந்த விரலை அப்படி ஆக்கினவர்களிடமா? இந்த ஒரு கேள்வியை உங்கள் முன்னால் வைக்கிறேன். தீர்ப்பை உங்கள் நெஞ்சுக்கே விட்டுவிட்டு அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)