வீராணம் கரையில் சைக்கிள்

போன ஆடியில் சேத்தியாத்தோப்பிலிருந்து லால்பேட்டை வரைக்கும் வீராணம் ஏரிக்கரையில சைக்கிள் ஓட்டினேன். இந்த எபிசோட்ல அந்தக் கதைதான்.

15 கிலோமீட்டர் அளவுக்கு நீண்டு கிடக்கிற ஏரி. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் கட்டியது. பொன்னியின் செல்வன்ல வந்தியத்தேவன் குதிரையில வருவானே, அதே கரை. குதிரைக்கு எப்படியோ, சைக்கிளுக்கு ஆடிக்காத்து பெரிய சோதனை. வலப்பக்கம் ஏரியிலிருந்து அடிக்கிற மேல்காத்து, இடப்பக்கம் வயல் சரிவுக்குத் தள்ளிக்கிட்டே இருந்தது. பஸ் வந்தா இறங்கி நின்னுடுவேன். அதுவும் நல்லதுக்குத்தான். நின்ன இடத்திலெல்லாம் நீர்க்காகங்கள் சிறகை விரிச்சுக் காயவச்சுக்கிட்டு இருந்ததைப் பார்த்தேன்.

ஒரு மதகுக்கிட்ட பெரியவர் ஒருத்தர், "எந்த ஊரு தம்பி?"ன்னார். சென்னைன்னேன். "அப்ப எங்க தண்ணியத்தான் குடிக்கிறீங்க"ன்னு சிரிச்சார். 2004லிருந்து இந்த ஏரித் தண்ணி குழாயில் சென்னைக்கு வருது. எனக்கும் தெரிஞ்ச விஷயந்தான். ஆனா அவரு, பாசனத்துக்கு மதகை எப்பத் திறப்பாங்கன்னு காத்துக்கிட்டு இருந்தாரு.

என் பாட்டில் காலி. தன் குடத்திலிருந்து நிரப்பிக் குடுத்தார். வாங்கிக் குடிச்சேன், கொஞ்சம் கூச்சத்தோட.