கேட்டால் சொல்லும் கடிகாரம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நூறு வயது விழா என்பதால் காலத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரு கடிகாரத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

நாங்கள் படித்த நாளில் நிலாவெளியில் மின்சாரம் இல்லாத இரவுகள் அதிகம். குப்பி விளக்கை அணைத்தால் மணி பார்க்க வழியில்லை. ஒரு காலத்தில் உலகம் முழுவதற்கும் இதே தொல்லைதான். அதற்காகவே இருட்டில் மணி அடித்து நேரம் சொல்லும் சட்டைப்பைக் கடிகாரத்தைச் செய்தார்கள். லண்டனில் இருவர் அதற்கு உரிமை கோர, 1687இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் டேனியல் குவேரின் கடிகாரத்தைத் தெரிந்தெடுத்தார். பின்னாளில் சுவிட்சர்லாந்தின் ஜூ பள்ளத்தாக்குக் கைவினைஞர் இதில் பெயர்பெற்றார்கள்.

அவர்கள் செய்த தங்கக் கடிகாரங்கள் இன்று பெருவிலை போகின்றன. தங்கம் என்றதும் சிலர் நிமிர்ந்து உட்காருகிறீர்கள்! ஆனால் தங்கம் உறைக்குத்தான். ஓசை தருவது உள்ளே வளைந்து கிடக்கும் உருக்குக் கம்பி. பக்கத்திலுள்ள நெம்பைத் தள்ளினால் சின்னச் சுத்தியல்கள் அடிக்கும். மணிக்குத் தாழ்ந்த ஓசை, கால்மணிக்கு இரட்டை ஓசை, நிமிடத்துக்கு உயர்ந்த ஓசை. பன்னிரண்டு ஐம்பத்தொன்பதுக்கு மணி 12, கால்மணி 3, நிமிடம் 14. அதுதான் ஆக நீளமான பதில்.

காந்தியடிகளிடம் இருந்த சுவிஸ் செனித் கடிகாரம் வைத்த நேரத்துக்கு எழுப்பிவிடும். அம்மாமாரும் அப்படித்தான். நான் சொல்லும் கடிகாரமோ கேட்டால்தான் பேசும். இன்னொரு குணமும் உண்டு. நல்ல கடிகாரங்களில் நெம்பை அரைகுறையாகத் தள்ளினால் அது பிழையான நேரம் சொல்லாது, பேசாமல் இருந்துவிடும். அதற்கென்றே உள்ளே ஓர் உறுப்பை வைத்திருக்கிறார்கள்.

பிரசவ அறையில் இதன் அருமை எனக்குத் தெரியும். பிள்ளை அழாமல் பிறந்தால் முதல் நிமிடம் பொன்னானது. என் கண்ணும் கையும் பிள்ளையில் இருக்கும், சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க முடியாது. பக்கத்தில் நிற்கும் தாதி "முப்பது செக்கன், டொக்டர்" என்று சொல்ல வேண்டும். அவர் குத்துமதிப்பாகச் சொன்னால் என் அடுத்த முடிவு பிழைத்துவிடும்.

தங்கைமாருக்கும் அப்படி ஒரு நிமிடம் வருகிறது. சாதாரண தரப் பெறுபேறு வந்த கிழமையில் எந்தப் பிரிவு எடுப்பது, எங்கே படிப்பது, பணத்துக்கு என்ன செய்வது என்று கேட்க வீட்டில் ஆளில்லாத பிள்ளைகள் இன்றும் நம் ஊரில் இருக்கிறார்கள். ஒரு பிழையான சொல்லால் உயர்தரத்தின் இரண்டு வருடமும் வீணாகலாம்.

திருகோணமலையிலோ லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் அக்காமாரே, சங்கப் பதிவேட்டில் உங்கள் தொழிலையும் தொலைபேசி எண்ணையும் எழுதுங்கள். ஒரு தங்கை கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் அனுப்புங்கள். தங்கைமாரே, நீங்கள் நெம்பை முழுதாகத் தள்ளுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள்.