பிஞ்சுகளின் பேரேடு
(நெற்குப்பைச் சொற்பொழிவு)



நெற்குப்பை என்றால் நெற்குவியல் என்று பொருள். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கச் சென்றவர்கள், அணா பைசா பிசகாமல் பேரேடு எழுதி ஐந்தொகை கண்ட செட்டிநாட்டு மண் இது. இம்மண்ணில் நின்று ஒரு கணக்குக் கேட்கிறேன். பணக் கணக்கன்று, பச்சிளங் குழந்தைகளின் உயிர்க் கணக்கு!

1971-இல் தமிழ்நாட்டில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் மாண்டன. 2020-இல் அந்த எண்ணிக்கை 13. பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் மகப்பேறு உதவி, ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் செவிலியர், பெரிய மருத்துவமனைகளில் பச்சிளங் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு! இவையெல்லாம் சேர்ந்து ஈட்டிய வெற்றி அது. பெருமைதான்! ஆயினும் அந்தப் பதின்மூன்றில் ஒன்பது, பிறந்து 28 நாள் ஆவதற்குள் நேர்ந்த சாவுகள்.

குறைமாதப் பிறப்பு, மூச்சுத் திணறல், நோய்த்தொற்று ஆகியவையே பெருங் காரணங்கள். தடுக்கக் கோடி கோடியாய்ப் பொருள் வேண்டுமோ? ஈரம் துடைத்துப் போர்த்துதல், மூச்சு எழாவிடில் உடனே காற்றூட்டுதல், சீம்பால் தருதல் ஆகியவற்றாலேயே பல உயிர்கள் பிழைக்கும். கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், கருவிகள் போதாத மருத்துவமனையில், 1978-இல் எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு அணைத்துக் காக்கத் தொடங்கினர். இன்று உலகமே அதைப் பின்பற்றுகிறது.

இவை நாள்தோறும் நடக்கின்றனவா? அதைக் காட்டுவதே கணக்கு. ஒரு மூச்சு விட்டு மாண்ட குழந்தையைச் 'செத்துப் பிறந்தது' என்று எழுதினால் கணக்குப் பொய்க்கும். வேறிடத்துக்கு அனுப்பப்பட்ட குழந்தை வழியில் மாண்டால், அனுப்பியோர் ஏட்டிலும் விடுபடலாம், ஏற்போர் ஏட்டிலும் விடுபடலாம்! சாவு குறைந்தது என்று ஏடு சொல்லும். தாயின் கண்ணீர் சொல்லுமா?

இன்னொன்று. நலிந்த குழந்தைகளை ஏற்கும் மருத்துவமனையில் சாவு கூடுதலாகவே தெரியும். மொத்தத்தைப் பார்த்துப் பழிப்பது பேதைமை. எடைவாரியாக, அங்கேயே பிறந்தவை, வெளியிலிருந்து வந்தவை என்று பிரித்துத் திங்கள்தோறும் ஒப்பிட வேண்டும். சாவை மறைக்காமல் எழுதிய செவிலியரைத் தண்டித்தால், அடுத்த சாவு ஏட்டில் ஏறாது. அதற்கடுத்த குழந்தையைக் காக்கும் வழியும் தெரியாது!

ஆகவே தோழர்களே, மருத்துவமனை வாயிலில் கூச்சலிட வேண்டாம்; கேள்வி கேளுங்கள். எடை பார்த்தார்களா? உடல் வெப்பம் குறித்தார்களா? அனுப்பிய குழந்தை போய்ச் சேர்ந்ததா? 28-ஆம் நாள் அது உயிரோடிருக்கிறதா?

வராத கடனை வராக்கடன் என்று தள்ளி எழுதலாம். பிறந்த குழந்தையைத் தள்ளி எழுத எந்த ஏட்டுக்கும் உரிமையில்லை!